வாளா, கோடரியா?



ஒரு கேள்வியுடன் தொடங்குகிறேன். உங்கள் முன்னே இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன. ஒன்று, இரு கைகளாலும் பிடித்து வீசவேண்டிய பெரிய வாள். மற்றொன்று பெருங்கோடரி. வாளால் வெட்டினால் எதிரிக்கு எவ்வளவு சேதம் என்று அறிய, சாதாரண ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கோடரியால் வெட்டினால், பன்னிரண்டு முகங்கள் உடைய ஒரே ஒரு பகடையை உருட்ட வேண்டும். நீங்கள் எதை எடுப்பீர்கள்?

விடையை ஒரு தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பிறகு மாற்றி எழுதக் கூடாது!

இது நானாக அமைத்த கணக்கு அன்று. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். இதைப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்று சொல்லலாம். நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் வீரனாகிறார், ஒருவர் மந்திரவாதியாகிறார். இன்னொருவர் கதை நடத்துகிறார். குகையில் என்ன இருக்கிறது, பூதம் எந்தப் பக்கம் வருகிறது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கதையில் 'நடக்குமா, நடக்காதா' என்ற ஐயம் எழும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

சண்டையில் பகடை இருமுறை உருளும். முதலில் இருபது முகப் பகடை. வெட்டு எதிரியின் மேல் பட்டதா, கவசத்தில் பட்டு வீணாயிற்றா என்பதை அது சொல்லும். பட்டிருந்தால், அந்த ஆயுதத்துக்கு உரிய சேதப் பகடையை உருட்ட வேண்டும். ஒவ்வொரு உயிருக்கும் 'உயிர்ப் புள்ளிகள்' என ஓர் எண் உண்டு. சேதப் பகடையில் விழுந்த எண்ணை அதிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். சுழியைத் தொட்டால் ஆள் வீழ்ந்தான்.

போர் விளையாட்டில் பகடையைப் புகுத்தியவர்கள் இவர்களே என்று எண்ண வேண்டா. பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்திலேயே இழப்புகளைக் கணக்கிடப் பகடை பயன்பட்டது. உண்மைப் போரில் ஒரே பீரங்கி ஒரே தூரத்திலிருந்து இருமுறை சுட்டாலும் ஒரே விளைவு வருவதில்லை. அந்த உண்மையை மேசைமீது கொண்டுவர அவருக்குப் பகடையைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை.

1974இல் வந்த விதிகளில் எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே சேதம்தான்: ஓர் ஆறு முகப் பகடை. குத்துவாளும் பெரிய வாளும் ஒன்றே! சாதாரண மனிதனின் உயிர்ப் புள்ளிகளும் ஓர் ஆறு முகப் பகடையை உருட்டித்தான் முடிவாகும். அப்படியானால் ஒரே வெட்டில் ஒருவன் வீழ்வதற்கு நிகழ்தகவு என்ன? சேதம் ஒரு பகடை, உயிர் ஒரு பகடை. சேதம் உயிருக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்கவேண்டும். இரண்டு பகடைகளும் சேர்ந்து விழும் வகைகள் 36. அவற்றுள் 21 நமக்குச் சாதகம். 21/36, அதாவது ஏறத்தாழ 58 விழுக்காடு. இந்த 21 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் வேறு வேடத்தில் வரும்.

மறு ஆண்டே, 1975இல், 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூல் வெளிவந்தது. அதில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் சேதம் மாறியது. குத்துவாளுக்கு 1 முதல் 4 வரை. வாளுக்கு 1 முதல் 8 வரை. நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளுக்கு இங்கே நல்ல வேலை கிடைத்தது. ஆறு முகத்தையும் சேர்த்தால் ஐந்து வடிவங்கள். ஒழுங்கான பன்முகத் திண்மங்கள் இந்த ஐந்துக்கு மேல் இருக்க முடியாது என்பதை யூக்ளிட் தம் நூலின் பதின்மூன்றாம் பகுதியில் நிறுவியிருக்கிறார். எல்லா முகங்களும் ஒன்றுபோலவே அமைந்திருப்பதால் எந்த முகத்துக்கும் தனிச் சலுகை இல்லை. பகடைக்கு வேண்டியதும் அதுதான். பண்டைய எகிப்தில் கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகப் பகடைகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே இதுவும் புதுச் சரக்கு அன்று.

இனி நம் வாளுக்கும் கோடரிக்கும் வருவோம். 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் பெரிய வாளுக்கு இரண்டு ஆறு முகப் பகடைகள், பெருங்கோடரிக்கு ஒரு பன்னிரண்டு முகப் பகடை என்று விதி இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, ஆய்வகத்தைப் பூட்டும் நேரத்தில், இளங்கலை மாணவன் ஒருவன் இந்தக் கேள்வியோடு வந்தான். விடுதியில் நான்கைந்து பேர் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்களாம். 'சார், எதை எடுக்கலாம்?' என்றான். நான் சாவியைத் தேடிக்கொண்டே, 'இதில் என்னப்பா சந்தேகம்? ஆறு முகப் பகடைக்குச் சராசரி 3.5; இரண்டுக்கு 7. பன்னிரண்டு முகத்துக்கு 6.5. வாளை எடு' என்றேன். தாளின் ஓரத்தில் நீங்கள் 'வாள்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பீர்கள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து, கட்டம் போட்ட தாள் ஒன்றோடு மறுபடியும் வந்து நின்றான்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். கோடரியின் பகடையில் 1 முதல் 12 வரை எந்த எண்ணும் விழ ஒரே அளவு வாய்ப்பு: 12இல் 1. வாளின் கதை வேறு. இரண்டு பகடைகள் சேர்ந்து 12 ஆக வேண்டுமானால் ஆறும் ஆறும் விழவேண்டும். 36இல் ஒரே வகை. ஆனால் 7 ஆவதற்கு ஆறு வகைகள் உண்டு. நடுவில் குவிந்து, ஓரங்களில் மெலிந்த பரவல் இது. தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு இது புதிதன்று. மூன்று விழும் அளவுக்குத் தாயம் விழுவதில்லை அல்லவா?

(வகைகளை எண்ணும்போது 3, 4 என்பதும் 4, 3 என்பதும் வெவ்வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். கலிலியோவிடம் ஒரு முறை இதையொத்த ஐயம் வந்தது. மூன்று பகடைகளில் 9ஐயும் 10ஐயும் ஆறாறு விதமாகத்தானே அமைக்க முடிகிறது, பிறகு ஏன் 10 சற்று அதிகமாக விழுகிறது என்று கேட்டார்கள். வரிசையையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் 216இல் 9க்கு 25 வகைகளும், 10க்கு 27 வகைகளும் வருகின்றன என்று அவர் காட்டினார். இயற்பியலின் தந்தையே பகடை எண்ணியிருக்கும்போது நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது?)

இப்போது எதிரே 'காப்ளின்' என்ற குட்டிப் பூதம் நிற்கிறது என்று கொள்வோம். 2014ஆம் ஆண்டு நூலின்படி அதற்கு 7 உயிர்ப் புள்ளிகள். நம் வெட்டு பட்டுவிட்டது. ஒரே வெட்டில் அது வீழவேண்டுமானால் 7 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். கோடரிக்கு 12இல் 6 வாய்ப்புகள்: 50 விழுக்காடு. வாளுக்கு? 7 முதல் 12 வரை எண்ணுங்கள்: 6+5+4+3+2+1 = 21. 36இல் 21. சற்று முன்பு நினைவில் வைத்த எண் திரும்ப வந்துவிட்டது பாருங்கள்!

இது தற்செயல் அன்று. பகடையில் எதிர் முகங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 7. 'முதல் பகடை இரண்டாவதைவிடக் குறையாமல் இருக்கவேண்டும்' என்பதும், 'முதல் பகடையின் மேல்முகத்தோடு இரண்டாவதன் அடிமுகத்தைக் கூட்டினால் 7க்குக் குறையக்கூடாது' என்பதும் ஒன்றே. அடிமுகமும் மேல்முகத்தைப் போலவே விழுவதால் இரண்டு கணக்குகளும் ஒரே விடையில் முடிகின்றன. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு இரவு உணவு மறந்துபோயிற்று என்று சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் உண்மை.

ஆக, குட்டிப் பூதத்துக்கு வாளே மேல். எதிரிக்கு 8 புள்ளிகள் என்றால்? வாள் 15/36, கோடரி 5/12. சுருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றே! 9 ஆனால் வாள் 10/36, கோடரி 12/36. தராசு கோடரியின் பக்கம் சாய்ந்துவிட்டது. 10க்கு வாள் 6/36, கோடரி 9/36. 12க்கு வாள் 1/36, கோடரி 3/36. சரியாக மூன்று மடங்கு. சராசரியில் அரைப் புள்ளி குறைந்த ஆயுதம், கடினமான எதிரியை ஒரே வெட்டில் வீழ்த்துவதில் மூன்று மடங்கு சிறந்ததாக இருக்கிறது.

என் மாணவன் கொண்டுவந்தது இதைவிடச் சுவையான கணக்கு. அவன் எதிரி 'ஓர்க்' என்ற முரட்டுப் பிறவி. 15 உயிர்ப் புள்ளிகள். அவனுடைய வீரன் வலியவன் ஆகையால் ஒவ்வொரு வெட்டிலும் பகடை எண்ணோடு 3 கூடும். 'அடுத்த முறை அது வெட்டினால் என் நண்பன் இறந்துவிடுவான் சார். எனக்கு ஒரே ஒரு வெட்டுத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி வாளை எடுத்தேன்' என்றான். 15 வரவேண்டுமானால் பகடையில் 12 விழவேண்டும். வாளுக்கு 36இல் 1. அதுவும் விழவில்லை. நண்பனின் வீரன் மாண்டுவிட்டான்.

'கோடரியாக இருந்தாலும் 12இல் 1 தானே, பெரும்பாலும் செத்திருப்பான்' என்று நான் சமாதானம் சொன்னேன். 'ஆமாம் சார். ஆனால் அது சரியான தேர்வாக இருந்திருக்கும்' என்றான். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அவன் அதோடு நிறுத்தவில்லை. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வெட்டுகள் கிடைத்து, இரண்டும் பட்டிருந்தால்? வலிமைக்கு உரிய 6 போக, பகடைகளில் 9 வந்தால் போதும். வாளுக்கு இப்போது நான்கு ஆறு முகப் பகடைகள். விழும் வகைகள் 1296. அவற்றுள் 70 மட்டுமே 9க்குக் குறைவு. ஆகவே வெற்றி 94.6 விழுக்காடு. கோடரிக்கு இரண்டு பன்னிரண்டு முகப் பகடைகள். 144 வகைகளில் 28 குறைவானவை. வெற்றி 80.6 விழுக்காடு. அதே எதிரி, அதே வீரன், அதே ஆயுதங்கள். ஒரு வெட்டு என்றால் கோடரி. இரண்டு வெட்டு என்றால் வாள், அதுவும் நல்ல வித்தியாசத்தில்!

'எது சிறந்த ஆயுதம்' என்ற கேள்வி அரைகுறையானது. 'எதற்கு, எத்தனை முறைக்கு' என்று சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வி ஆகிறது. சராசரி என்பது பல முறை வெட்டுபவனுக்குச் சொல்லும் வாக்குறுதி. ஒரே முறை வெட்டப்போகிறவனுக்கு அது எதையும் உறுதி சொல்வதில்லை, பரவல்தான் சொல்லும். பரவலை ஒரே எண்ணாகச் சொல்லவேண்டுமானால் திட்ட விலக்கம் என்ற அளவு இருக்கிறது. வாளுக்கு அது சுமார் 2.4; கோடரிக்குச் சுமார் 3.5. சராசரிகளுக்கு இடையே அரைப் புள்ளி வேறுபாட்டைப் பார்த்த நான், இந்த ஒரு புள்ளி வேறுபாட்டைப் பார்க்கவே இல்லை.

விளையாட்டில் ஒரு வீரன் செத்தால் என்ன, புதிய வீரனை எழுதிக்கொள்ளலாம் என்பீர்கள். எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்த வாரம் மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகள் என் மேசையில் அடுக்கியிருந்தன. தனி ஊசல் சோதனை. 20 அலைவுகளுக்கு ஆகும் நேரம். ஒரு குழு 40.1, 40.2, 40.0 வினாடி என்று எழுதியிருந்தது. இன்னொரு குழு 38.6, 41.5, 40.2 என்று எழுதியிருந்தது. கூட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் சராசரி 40.1. இரண்டு குழுக்களுக்கும் ஒரே மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தேன். முதல் குழு கவனமாக அளந்திருக்கிறது. இரண்டாவது குழுவின் சராசரி ஏதோ நல்வினையால் சரியாக அமைந்திருக்கிறது. அவர்களை மறுபடி அளக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். எத்தனை ஆண்டுகளாக இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது என் வகுப்பில் சராசரிக்கு ஐந்து மதிப்பெண் என்றால், அளவீடுகளின் பரவலுக்கும் ஐந்து. மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தை ஒரேயடியாகப் புகழவும் நான் வரவில்லை. இயற்பியல் படித்தவன் கண்ணுக்கு அதில் இடறும் இடங்கள் உண்டு. 50 உயிர்ப் புள்ளிகள் உள்ள வீரன் 49 இழந்த பிறகும் முன்போலவே ஓடுகிறான், வெட்டுகிறான். இது எந்த உடற்கூற்று நூலிலும் இல்லாத அதிசயம்! வாள் வீச்சின் பயன் கையின் விசை, கோணம், தூரம், எதிரியின் அசைவு என்று பல சிறு காரணங்களைச் சார்ந்தது. பல சிறு காரணங்கள் கூடும் இடத்தில் நடுவில் குவியும் பரவல்தான் இயல்பு. அந்த முறையில் பார்த்தால் வாளின் இரண்டு பகடைகள் இயற்கைக்குச் சற்று நெருக்கம். 1க்கும் 12க்கும் நடுவெண்ணுக்கும் சம வாய்ப்புத் தரும் கோடரிப் பகடை செயற்கையானது. ஆனால் கோடரி என்றால் கண்மூடித்தனமான ஆயுதம், வாள் என்றால் நிதானமான ஆயுதம் என்ற உணர்வு அந்தப் பகடைகளை உருட்டும்போதே கைக்கு வந்துவிடுகிறது. சமன்பாடு எழுதாமல் பரவலைக் கைக்கு உணர்த்தும் பாடக்கருவி வேறு எது இருக்கிறது?

ஆகவே நான் சொல்வது இதுதான். பள்ளிக் கணிதப் பெட்டியில் கோணமானியும் கவராயமும் இருப்பதுபோல் இந்தப் பன்முகப் பகடைகளும் இருக்கவேண்டும். பகடை என்றதும் சூது என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நிகழ்தகவுக் கணிதமே 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்கு ஒன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டபோதுதான் உருப்பெறத் தொடங்கியது என்று பணிவாகச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தில் பணம் வைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பகடை கிடைக்காவிட்டால் குறை இல்லை. 1 முதல் 12 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போடுங்கள், அதுவே கோடரி.

தாளின் ஓரத்தில் எழுதியதை இப்போது பாருங்கள். 'வாள்' என்றோ 'கோடரி' என்றோ இருந்தால் பாதி மதிப்பெண். 'எதிரிக்கு எத்தனை புள்ளிகள்?' என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

அந்த மாணவன் படிப்பை முடித்துக்கொண்டு போகும்போது எனக்கு ஒரு கணக்கு விட்டுச் சென்றான். அதை உங்களுக்கும் தருகிறேன். ஒரு புதிய ஆயுதம். சேதத்துக்கு ஒரு நான்கு முகப் பகடையும் ஓர் எட்டு முகப் பகடையும் சேர்த்து உருட்டவேண்டும். மிகக் குறைந்த சேதம் 2, மிக அதிகம் 12, சராசரி 7. மூன்றிலும் நம் வாளேதான்! ஆனால் விழும் வகைகள் 36 அல்ல, 32. எந்தெந்த எதிரிகளுக்கு இது வாளைவிட மேல், எவற்றுக்குக் கீழ்? கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆகாது.